எண்களின் களஞ்சியம்

பேரங்காடியின் கட்டண முகப்பில் காசாளர் ஒரு பால் டின்னை ஒளி வருடியின்மேல் நகர்த்துகிறார். ‘பீப்’ என்ற ஒலி கேட்கிறது. அந்த ஒரு நொடிக்குள் கடையின் கணினியில் சில செய்திகள் பதிவாகிவிடுகின்றன: விற்ற பொருள் எது, எத்தனை, என்ன விலை, எந்தக் கிளை, எந்த நாள், எந்த நேரம். பொருளை வாங்கியவர் ரசீதைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம். ஆனால், அந்தப் பதிவு கணினியில் தங்கிவிடுகிறது.

ஒரு நடுத்தரக் கடையில்கூட இத்தகைய பதிவுகள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் சேர்கின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் மிகச் சிறியது. முறையாகச் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பொருளை எப்போது வாங்கி வைக்க வேண்டும், எந்தக் கிளைக்குக் கூடுதல் ஆள் தேவை, எந்தப் பொருள் விற்காமல் வீணாகிறது என்பன தெரியவரும். ‘சிறு துளி பெருவெள்ளம்’ என்னும் பழமொழி தரவுக்கும் பொருந்தும்.

இவ்வாறு தரவுகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் அமைப்பைத் தரவுக் கிடங்கு என்பர். அதிலிருந்து எடுக்கப்படும் மொத்தக் கணக்கைத் தொகுப்பறிக்கை என்பர். கிடங்கைச் சரியாகத் திட்டமிடாவிட்டால், அறிக்கையில் உள்ள கூட்டல் சரியாக இருந்தாலும் அதைப் படித்து எடுக்கும் முடிவு தவறாகிவிடும். ஒருவரின் வேலையும் ஒரு கடையின் முதலும் அந்த முடிவைச் சார்ந்திருக்கலாம்.

பதிவின் தொடக்கம்

முற்காலத்தில் கடைகளில் இருந்த பணப்பதிவுப் பெட்டிகள் பெரும்பாலும் விலையை மட்டுமே பதிந்தன. காசாளர் ஒவ்வொரு பொருளின் விலையையும் விரலால் அழுத்திப் பதிவார். நாள் முடிவில் எவ்வளவு பணம் வந்தது என்பது தெரியும். எந்தப் பொருள் எத்தனை விற்றது என்பது தெரியாது. அதை அறிய வேண்டுமானால், பணியாளர்கள் தட்டுகளில் மீதமிருக்கும் பொருள்களைக் கையால் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

பட்டைக்குறியின் வருகை இந்நிலையை மாற்றியது. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்னும் ஊரிலிருந்த மார்ஷ் பேரங்காடியில், பட்டைக்குறி அச்சிடப்பட்ட பொருள் ஒன்று முதன்முதலாக வருடியின் வழியாக விற்கப்பட்டது. அப்பொருள் ரிக்லி நிறுவனத்தின் மெல்லும் மிட்டாய்ப் பொட்டலம். விலை 67 சென்ட். அதன் பின்னர், என்ன பொருள் விற்றது என்பதைக் கடைகள் ஒவ்வொரு விற்பனையிலும் தாமாகவே பதிவு செய்யத் தொடங்கின. வணிகத் தரவு பெருகியதற்கு இது முக்கியமான ஒரு காரணம்.

ஒரு கணினி, இரு வேலைகள்

தரவு பெருகியபோது புதிய சிக்கலும் எழுந்தது. வணிக மென்பொருள் அடிப்படையில் இரு வேறு வேலைகளைச் செய்ய வேண்டியுள்ளது.

முதலாவது, அன்றாட வேலை. பொருளை விற்பது, ரசீது அச்சிடுவது, கையிருப்பில் ஒன்றைக் குறைப்பது ஆகியவை இதில் அடங்கும். இவ்வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டும். முகப்பில் வரிசை நீண்டுகொண்டிருக்கும்போது கணினி தாமதிக்கக்கூடாது.

இரண்டாவது, ஆராயும் வேலை. ‘கடந்த மூன்று ஆண்டுகளில் மழைக்காலத்தில் எந்தப் பொருள்கள் குறைவாக விற்றன?’ என்பது போன்ற கேள்விக்கு விடை காண, கணினி பல இலட்சம் பதிவுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்களோ அதற்கு மேலோ ஆகலாம்.

இந்த இரு வேலைகளையும் ஒரே தரவுத்தளத்தின்மேல் சுமத்தினால் இரண்டும் கெடும். மேலாளர் மாத அறிக்கையைக் கேட்கும் நேரத்தில் முகப்புக் கணினிகள் திணறும். சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருப்பவரை அழைத்து, சென்ற ஆண்டு எத்தனை மூட்டை அரிசி செலவானது என்று கணக்குக் கேட்பதைப் போன்றது இது. சோறும் குழையும், கணக்கும் பிழைக்கும்.

ஆகையால், அன்றாட வேலைக்கு ஒரு தரவுத்தளமும் ஆராய்ச்சிக்கு வேறொரு கிடங்கும் அமைப்பது வழக்கமாயிற்று. பெரும்பாலும் கடை மூடிய பிறகு, இரவில், அன்றைய பதிவுகள் கிடங்கிற்கு நகலெடுத்து அனுப்பப்படுகின்றன. மறுநாள் காலையில் மேலாளர் பார்க்கும் அறிக்கை கிடங்கிலிருந்து வருகிறது. முகப்பிலுள்ள கணினி தன் வேலையைத் தடையின்றிச் செய்கிறது.

கருத்தை வளர்த்தவர்கள்

தரவை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தி, அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தலாம் என்னும் கோட்பாட்டை 1970ஆம் ஆண்டு எட்கர் காட் வெளியிட்டார். அவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர். இன்றைய வணிக மென்பொருள்களில் பல இக்கோட்பாட்டின்மேல் கட்டப்பட்டவை.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த பேரி டெவ்லின், பால் மர்ஃபி ஆகிய இருவரும் 1988ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் வணிகத் தரவுக் கிடங்கு என்னும் கருத்தை விளக்கினர். பின்னர், 1992ஆம் ஆண்டு பில் இன்மன் தரவுக் கிடங்கை அமைப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். நல்ல கிடங்கிற்கு நான்கு பண்புகள் உண்டு என்பது அவர் கருத்து.

முதலாவதாக, கிடங்கு விற்பனை, வாடிக்கையாளர், கையிருப்பு போன்ற பொருண்மைகளை ஒட்டி அமைய வேண்டும். இரண்டாவதாக, வெவ்வேறு மென்பொருள்களிலிருந்து வரும் தரவுகள் ஒரே வடிவத்திற்கு மாற்றப்பட்டு ஒருங்கிணைய வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு பதிவும் காலத்தோடு இணைந்திருக்க வேண்டும். நான்காவதாக, ஒருமுறை உள்ளே வந்த பதிவை அழித்து எழுதக்கூடாது.

கடைசி இரு பண்புகளின் பயனை ஒரு சிறு எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு கடையில் ஒரு கிலோ வெங்காயத்தின் விலை ஜனவரியில் 4 ரிங்கிட். ஜூனில் 6 ரிங்கிட். முகப்புக் கணினிக்கு இன்றைய விலை தெரிந்தால் போதும். அதனால், புதிய விலையைப் பதிந்தவுடன் பழைய விலை மறைந்துவிடுகிறது. ஆனால், ஜனவரி மாத வருமானத்தை 6 ரிங்கிட் விலையில் கணக்கிட்டால் அது பொய்க்கணக்காகும். கிடங்கு அன்றைய விலையை அன்றைய நாளோடு சேர்த்துக் காத்து வைக்கிறது.

கேள்வியிலிருந்து தொடங்குதல்

1996ஆம் ஆண்டு ரால்ஃப் கிம்பல் என்பவர் மற்றொரு நூல் எழுதினார். கிடங்கைத் திட்டமிட அவர் வகுத்த முறை இன்றும் கற்பிக்கப்படுகிறது. அது நான்கு படிகளைக் கொண்டது. வணிகத்தின் எந்தச் செயலைப் பதிவு செய்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு, ஒவ்வொரு பதிவும் எதைக் குறிக்கும் என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டும். அடுத்து, எந்தெந்தக் கோணங்களிலிருந்து அதைப் பார்ப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கடைசியாக, எந்த எண்களை அளப்பது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஈப்போ, தைப்பிங், கம்பார் ஆகிய மூன்று ஊர்களிலும் கிளைகளைக் கொண்ட ஒரு மளிகைக் கடையை எண்ணிப் பார்க்கலாம். அதன் உரிமையாளர் கிடங்கு ஒன்றை அமைக்க விரும்புகிறார். முதலில் அவர் செய்ய வேண்டியது கணினி வாங்குவதன்று; கேள்விகளை எழுதுவது. கடையை நடத்துபவர், பொருள் கொள்முதல் செய்பவர், கணக்காளர், முகப்பில் நிற்பவர் ஆகிய ஒவ்வொருவரும் எதை அறிய விரும்புகின்றனர் என்று கேட்டுப் பட்டியலிட வேண்டும்.

கொள்முதல் செய்பவருக்கு, தீபாவளிக்கு எவ்வளவு மாவு வாங்குவது என்பது தெரிய வேண்டும். கணக்காளருக்கு, மாத வருமானம் வேண்டும். முகப்பில் நிற்பவருக்கு, எந்த நேரத்தில் கூட்டம் மிகுதி என்பது வேண்டும். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடையளிக்க, பதிவில் பொருளும் இருக்க வேண்டும். விலையும் இருக்க வேண்டும். நேரமும் இருக்க வேண்டும். கேள்வி தெரிந்தால்தான் எதைப் பதிவு செய்வது என்பதும் தெரியும்.

ஒரே பயறு, மூன்று பெயர்கள்

அடுத்து வரும் வேலை கடினமானது. மூன்று கிளைகளும் வெவ்வேறு காலத்தில் தொடங்கப்பட்டதால் அவற்றின் மென்பொருள்களும் வெவ்வேறு. ஈப்போ கிளையில் ‘பச்சைப் பயறு’ என்று பதிந்துள்ளனர். தைப்பிங் கிளையில் ‘காச்சாங் ஈஜாவ்’ என்று உள்ளது. கம்பார் கிளையில் பெயரே இல்லை. ஓர் எண் மட்டும் இருக்கிறது. மூன்றும் ஒரே பொருள் என்பது மனிதருக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. அது மூன்று பொருள்களாக எண்ணி, ஒவ்வொன்றும் குறைவாக விற்கிறது என்று அறிக்கை தரும்.

அளவைகளும் இப்படியே மாறுபடலாம். ஒரு கிளை கிலோ கணக்கிலும் மற்றொன்று பொட்டலக் கணக்கிலும் பதிந்திருக்கும். தேதியை ஒரு மென்பொருள் நாள், மாதம் என்ற வரிசையிலும், இன்னொன்று மாதம், நாள் என்ற வரிசையிலும் எழுதியிருக்கும். அப்போது 5/11 என்பது ஒரு கிளையில் நவம்பர் 5ஆம் நாளையும் மற்றொரு கிளையில் மே 11ஆம் நாளையும் குறிக்கும்.

இவற்றையெல்லாம் சரிசெய்து, ஒரே பெயர், ஒரே அளவை, ஒரே தேதி முறைக்குக் கொண்டுவந்த பிறகே தரவைக் கிடங்கினுள் சேர்க்க வேண்டும். கல்லையும் பதரையும் நீக்காமல் நெல்லைக் குதிரில் கொட்டுவதில்லை அல்லவா? தரவும் அப்படித்தான்.

சொற்களின் பொருளையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ‘விற்பனை’ என்றால் என்ன? வாங்கியவர் திருப்பிக் கொடுத்த பொருள் அதில் சேருமா? கடனுக்குக் கொடுத்தது சேருமா? கணக்காளர் ஒரு பொருளிலும் மேலாளர் வேறொரு பொருளிலும் இச்சொல்லைப் பயன்படுத்தினால், ஒரே மாதத்திற்கு இரண்டு விற்பனைத் தொகைகள் தோன்றும். கூட்டத்தில் நேரம் முழுவதும் யார் எண் சரி என்ற வாதத்திலேயே கழியும்.

மணியும் மாவும்

திட்டமிடலில் மிக முக்கியமான முடிவு, எவ்வளவு நுட்பமாகப் பதிவு செய்வது என்பதாகும். இதைக் கணினித் துறையினர் ‘மணி’ என்று பொருள்படும் சொல்லால், அதாவது தானிய மணி என்னும் உவமையால் குறிப்பர். ஒரு ரசீதில் உள்ள ஒவ்வொரு வரியையும் தனிப் பதிவாக வைத்தால் மணி சிறியது. ஒரு மாதத்தின் மொத்தத்தை மட்டும் வைத்தால் மணி பெரியது.

இடம் மிச்சமாகும் என்று எண்ணிச் சிலர் மாத மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தனிப் பதிவுகளை அழித்துவிடுவதுண்டு. இதனால் நேரும் கேட்டை மேற்சொன்ன மளிகைக் கடையைக் கொண்டே காணலாம். அக்கடையின் முறுக்கு மாவு விற்பனை பின்வருமாறு இருந்ததாகக் கொள்வோம். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் 300 பொட்டலங்கள். நவம்பரில் 900 பொட்டலங்கள். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 880 பொட்டலங்கள். நவம்பரில் 300 பொட்டலங்கள்.

மாத அறிக்கையை மட்டும் பார்த்தால், 2024 நவம்பரில் விற்பனை மூன்றில் இரண்டு பங்கு சரிந்துவிட்டதாகத் தோன்றும். உரிமையாளர் அஞ்சுவார். பகுதிநேரப் பணியாளர் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தலாமா என்றுகூட எண்ணுவார். உண்மையில் எதுவும் சரியவில்லை. 2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் நாள் வந்தது. 2024இல் அது அக்டோபர் 31ஆம் நாளே வந்துவிட்டது. பண்டிகைக்கு முந்தைய வாரம் முதல் ஆண்டில் முழுவதும் நவம்பரிலும் அடுத்த ஆண்டில் முழுவதும் அக்டோபரிலும் அமைந்தது. விற்பனை குறையவில்லை, இடம் மாறியது.

நாள்வாரிப் பதிவுகள் கிடங்கில் இருந்தால் இதை எளிதில் அறியலாம். கிடங்கில் நாள்காட்டி அட்டவணை ஒன்றை வைத்து, அதில் தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை ஆகியவற்றைக் குறித்துவைப்பர். பிறகு, ‘தீபாவளிக்கு முந்தைய ஏழு நாள்களில் எவ்வளவு விற்றது?’ என்று கேட்டால் போதும். நம் கடையில் 2023இல் 620 பொட்டலங்களும் 2024இல் 630 பொட்டலங்களும் விற்றதாக அறிக்கை காட்டும். அச்சம் நீங்கும். பணியாளரின் வேலையும் தப்பும்.

அடுத்த ஆண்டுத் திட்டத்திற்கும் இது உதவுகிறது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் நாள். மாத அறிக்கையை நம்பி அக்டோபர் இறுதிக்கு மாவு வரவழைத்தால், பண்டிகை முடிந்த பிறகே மூட்டைகள் வந்து இறங்கும். நாள்வாரிப் பதிவை நம்பினால், அம்மாதத் தொடக்கத்திலேயே மாவு தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். நோன்புப் பெருநாளோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னதாக வருவது. பல இனத்தவரின் பண்டிகைகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் மலேசியா போன்ற நாட்டில், மாத மொத்தத்தை மட்டும் நம்பும் வணிகர் அடிக்கடி ஏமாறுவார்.

அரிசியை அரைத்து மாவாக்கலாம். மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. நாள்வாரிப் பதிவுகளைக் கூட்டினால் மாத மொத்தம் கிடைக்கும். மாத மொத்தத்திலிருந்து நாள்வாரிப் பதிவுகளை எவராலும் மீட்டெடுக்க இயலாது. எனவேதான், முடிந்த அளவு சிறிய மணியைக் கிடங்கில் சேர்த்து வைத்து, மொத்தத்தை வேண்டும்போது கணக்கிட்டுக் கொள்ள வேண்டும் என்று வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர். அடிக்கடி தேவைப்படும் மொத்தங்களை முன்னரே கணக்கிட்டுத் தனியே வைத்துக்கொள்வதும் உண்டு. அறிக்கை விரைவாக வர அது உதவும். ஆனால், அதற்காக மூலப் பதிவுகளை அழிப்பதில்லை.

எல்லாவற்றையும் கூட்டலாமா?

விற்பனைத் தொகையை எப்படிக் கூட்டினாலும் பொருள் தரும். நாள்களைக் கூட்டினால் மாதம். கிளைகளைக் கூட்டினால் நிறுவனம். எல்லா எண்களும் இப்படிப்பட்டவை அல்ல.

கையிருப்பை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மாலை கடையில் 100 மூட்டை அரிசி இருந்தது, செவ்வாய்க்கிழமை 90, புதன்கிழமை 80. மூன்றையும் கூட்டினால் 270 வரும். கடையில் ஒருநாளும் 270 மூட்டைகள் இருந்ததில்லை. ஆனால், ஒரே நாள் மாலையில் மூன்று கிளைகளிலும் இருந்த மூட்டைகளைக் கூட்டுவது சரியாகும். கையிருப்பைக் கிளைகளுக்கிடையே கூட்டலாம், நாள்களுக்கிடையே கூட்டக்கூடாது.

சராசரி இன்னும் ஏமாற்றும். ஈப்போ கிளையில் ஒரு நாளில் 1,000 ரசீதுகள்; ஒரு ரசீதின் சராசரி 20 ரிங்கிட். கம்பார் கிளையில் 100 ரசீதுகள். சராசரி 50 ரிங்கிட். இரு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 35 ரிங்கிட் வரும். அது தவறு. மொத்த விற்பனை 25,000 ரிங்கிட். மொத்த ரசீதுகள் 1,100. ஆகவே, சரியான சராசரி ஏறத்தாழ 22 ரிங்கிட் 73 சென். இத்தகைய பிழையைத் தவிர்க்க, கிடங்கில் சராசரியை மட்டும் சேர்த்து வைக்காமல் தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியே சேர்த்து வைப்பர். சராசரியை அறிக்கை எடுக்கும்போது கணக்கிடுவர்.

புயலுக்கு முந்தைய நாள்கள்

நுட்பமாகப் பதிவு செய்வதன் பயனை உலகறியச் செய்த நிகழ்வு ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சார்லி என்னும் புயல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கியது. சில வாரங்களில் ஃபிரான்சஸ் என்னும் மற்றொரு புயல் அதே மாநிலத்தை நோக்கி வந்தது. வால்மார்ட் நிறுவனத்தின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்த லிண்டா டில்மன், முந்தைய புயலின்போது மக்கள் எவற்றை வாங்கினர் என்று தரவுக் கிடங்கில் தேடும்படி தம் குழுவினரைப் பணித்தார்.

கைவிளக்குகள் அதிகம் விற்றிருக்கும் என்பது எவரும் ஊகிக்கக்கூடியது. ஆனால், தரவு வேறொன்றையும் காட்டியது. புயலுக்கு முன்பு, ஸ்ட்ராபெரி சுவையுடைய ‘பாப்-டார்ட்ஸ்’ என்னும் இனிப்புப் பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது. சமைக்காமல் அப்படியே உண்ணலாம். குளிர்பதனப் பெட்டியும் தேவையில்லை. மின்சாரம் தடைபடும் நாள்களுக்கு ஏற்ற உணவு என்பதை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இரண்டாம் புயல் வருமுன் அப்பண்டத்தை ஏற்றிய சரக்குந்துகள் புயலின் பாதையில் இருந்த கடைகளுக்கு விரைந்தன. அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைச் செய்தியாக வெளியிட்டது.

இந்த விடை எப்படிக் கிடைத்தது? பொருள்வாரியாக, கிளைவாரியாக, நாள்வாரியாகப் பதிவுகள் இருந்ததால் கிடைத்தது. ‘ஆகஸ்டு மாதத் தின்பண்ட விற்பனை’ என்ற ஒற்றை மொத்தம் மட்டும் இருந்திருந்தால், புயலுக்கு முந்தைய அந்தச் சில நாள்கள் மாதக் கணக்கில் கரைந்துபோயிருக்கும். கிடங்கை அமைத்தபோது இப்படியொரு கேள்வி எழும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. மணிகள் சிதையாமல் இருந்தால், பின்னர் எழும் கேள்விகளுக்கும் விடை தேடலாம்.

சேர்ப்பதற்கும் எல்லை உண்டு

நுட்பமாகப் பதிவு செய்வது நன்று என்பதற்காக, மனிதர்களைப் பற்றிய அனைத்தையும் சேர்த்து வைக்கலாம் என்று கொள்ளக்கூடாது. ஒருவர் எந்த மருந்து வாங்கினார், எந்த நேரத்தில் வீட்டில் இல்லை என்பவற்றை அவருடைய பெயரோடு இணைத்தால் அது அவருக்கே தீங்காக முடியலாம்.

இதற்காகவே நாடுகள் சட்டங்களை இயற்றியுள்ளன. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர் 2012ஆம் ஆண்டு இத்தகைய சட்டத்தை இயற்றியது. தேவை முடிந்த பிறகு தனிநபர் தரவை வைத்திருக்கக்கூடாது என்பது இச்சட்டங்களின் கொள்கைகளுள் ஒன்று.

கிடங்கைத் திட்டமிடுபவர் இந்த இரு தேவைகளையும் இணைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை பொட்டலம் மாவு எந்த நாளில் விற்றது என்பதை அறிய, வாங்கியவரின் பெயரோ தொலைபேசி எண்ணோ தேவையில்லை. பெயரை நீக்கிவிட்டு விற்பனையை மட்டும் சேர்த்து வைத்தாலே போதும்.

தொகுப்பறிக்கையிலும் கவனம் வேண்டும். பெயர் இல்லாத மொத்தம் எப்போதும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. ஒரு சிற்றூரில் குறிப்பிட்ட நோய்க்கான மருந்தை வாங்கியவர் ‘ஒருவர்’ என்று அறிக்கை காட்டினால், அவர் யார் என்பதை ஊரார் எளிதில் ஊகித்துவிடுவர். அதனால், மிகச் சிறிய எண்ணிக்கைகளைத் தனியே காட்டாமல் வேறொரு பிரிவோடு சேர்த்துக் காட்டுவது நல்ல வழக்கமாகும்.

அளந்து போடு

இன்று சிறு கடைகளும் கணினியில் கணக்கு வைத்துள்ளன. பள்ளிக் கூட்டுறவுக் கடையில்கூட விற்பனைப் பதிவுகள் சேர்கின்றன. அவற்றை வைத்து எடுக்கும் அறிக்கை, எத்தனை பயிற்சி ஏடுகள் வாங்குவது என்பதிலிருந்து எத்தனை பேருக்கு வேலை கொடுப்பது என்பது வரை முடிவு செய்கிறது. ஓர் அறிக்கையைப் படிப்பவர் அதிலுள்ள மொத்தத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அந்த மொத்தம் எந்த மணிகளால் ஆனது, எந்த நாள்களைச் சேர்த்தது, எவற்றை விட்டுவிட்டது என்றும் கேட்டறிய வேண்டும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்றனர் முன்னோர். ஆற்றில் போட்டது திரும்பி வராது. ஆனாலும், எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு கையில் இருக்கும். தரவுக் கிடங்கைத் திட்டமிடுவோரும் அந்தக் கணக்கைத்தான் காக்கின்றனர்.

சொல் விளக்கம்

தரவு – பதிவு செய்யப்பட்ட செய்தி அல்லது எண்
தரவுத்தளம் – தரவுகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கணினி அமைப்பு
தொகுப்பறிக்கை – பல பதிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுத் தரும் அறிக்கை
பட்டைக்குறி – பொருளை அடையாளம் காட்டும் கோடுகளால் ஆன குறி
கையிருப்பு – விற்காமல் கடையில் இருக்கும் பொருள்
கொள்முதல் – விற்பதற்காகப் பொருள் வாங்குதல்
குதிர் – தானியம் சேர்த்து வைக்கும் பெரிய கூடு
பதர் – உள்ளீடு இல்லாத நெல்

கருத்துணர் கேள்விகள்

1. பட்டைக்குறி வருவதற்கு முன்பு கடைக்காரர்களால் எதை எளிதில் அறிய முடியவில்லை?
2. அன்றாட வேலைக்கும் ஆராயும் வேலைக்கும் தனித்தனித் தரவு அமைப்புகள் ஏன் தேவைப்படுகின்றன?
3. மளிகைக் கடையின் 2024 நவம்பர் மாத அறிக்கை உரிமையாளரை எவ்வாறு தவறாக வழிநடத்தக்கூடும்? எந்தப் பதிவு அத்தவற்றைத் தடுத்தது?
4. ‘மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது’ என்னும் கூற்று தரவுக்கு எவ்வாறு பொருந்துகிறது?
5. கையிருப்பை எப்போது கூட்டலாம்? எப்போது கூட்டக்கூடாது?
6. உம் பள்ளிக் கூட்டுறவுக் கடைக்கு ஒரு தரவுக் கிடங்கு அமைப்பதாக இருந்தால், எந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவீர்? அவற்றிற்காக எவற்றைப் பதிவு செய்வீர்? எவற்றைப் பதிவு செய்யாமல் விடுவீர்? காரணங்களுடன் எழுதுக.